உறையக்கா மேசைமேல் வைத்த கிண்ணம்

மேடையில் அமர்ந்திருக்கும் பால் சங்கத் தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, காலைப் பாலை இறக்கிய கையோடு ஈரச் சட்டையுடன் வந்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே, நாள்தோறும் பால் ஊற்றும் உறுப்பினர்களே, இவர்கள் எல்லோருக்கும் முன்பாக நான் வணங்க வேண்டிய, முதல் வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறையக்காவின் மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அச்சடித்த அழைப்பில் என் பெயருக்கு நேரே "புகழுரை" என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். பேசச் சொன்னால் பேசிவிடுவேன். ஆனால் நேற்று ஒருவர் என்னிடம், புகழ வேண்டாம், ஒரு கிண்ணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். யார் கேட்டார், ஏன் கேட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கிண்ணத்துக்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

உறையக்கா யார்? இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பால் பண்ணையின் கல்ச்சர் அறையைக் காத்தவர் அவர். பாலைத் தயிராக்கும் உறையை வளர்க்கும் அறை அது. இந்தக் கூடத்தின் வலப்புறம் பாருங்கள், அந்த நீலக் கதவுதான். கொதிகலன் பார்க்கும் நம் அண்ணன் முதன்முதலாக "உறையக்கா" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உறை என்றால் என்ன? பள்ளிக்கூடத்துப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். உறை என்பது உயிர். ஒரு சொட்டு உறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒன்று மணி மணியாக, கோத்த மாலைபோல. இன்னொன்று தீக்குச்சிபோல. இரண்டும் பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கொடுக்கின்றன. அந்த அமிலம்தான் பாலைக் கெட்டியாக்குகிறது, புளிக்க வைக்கிறது. அதைவிட முக்கியமான ஒரு வேலையும் செய்கிறது. நோய் தரும் கிருமிகளைப் பக்கத்தில் அண்டவிடாமல் தடுக்கிறது. வாசலில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கும் கட்டடத்துக்கும், திறந்து கிடக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் புளித்த பாலுக்கும் புளிக்காத பாலுக்கும் உள்ள வேறுபாடு. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

உறையக்கா அந்த நுண்ணுயிர்களை "நம்ம ஆளுங்க" என்பார். "இன்னைக்கு நம்ம ஆளுங்க மந்தமா இருக்காங்க, அரை மணி கூடக் குடுங்க" என்று தயிர்ப் பிரிவுக்குச் சொல்லி அனுப்புவார். அந்த ஆட்களுக்கு நாள் தவறாமல் புதுப் பால் கொடுக்க வேண்டும். பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். விட்டால் தங்கள் அமிலத்திலேயே தாங்கள் மடிந்துபோவார்கள். ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. மகளுடைய திருமணத்தன்று என்ன நடந்தது? படம் எடுப்பவர் குடும்பத்தை வரிசையாக நிறுத்திவிட்டு, "பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டார். கொதிகலன் அண்ணன் சொன்ன பதிலை அந்த மண்டபமே கேட்டது. "உறை ஊத்தப் போயிருக்காங்க. நீங்க எடுங்க தம்பி, தயிர் உறைஞ்சதும் வந்து நிப்பாங்க."

சிரியுங்கள், தவறில்லை. அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் சிரிப்பு உடனே வந்திருக்காது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குப்பி திறந்திருக்கும்போது பேச மாட்டார். வாயைத் திறந்தால் எச்சிலில் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும் என்பது கணக்கு. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, குப்பியின் வாயை நெருப்பில் காட்டி, இந்தக் குப்பியிலிருந்து அந்தக் குப்பிக்கு ஊற்றி, மூடியைத் திருகும் வரை நாற்பது வினாடி ஆகும். அந்த நாற்பது வினாடிக்குள் யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் வராது. நம் தலைவர் பதவியேற்ற முதல் வாரம் விருந்தினர்களோடு அறைக்குள் நுழைந்து, "இதுதாங்க நம்ம கல்ச்சர் ரூம், இவங்கதான்…" என்று அறிமுகப்படுத்திக்கொண்டே போனார். உறையக்கா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். தலைவர் பேசி முடித்தார். விருந்தினர்கள் காத்திருந்தார்கள். மூடியைத் திருகிய பிறகு உறையக்கா திரும்பி, "இப்பச் சொல்லுங்க சார். இல்ல, முதல்ல செருப்பக் கழட்டிட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

தலைவரும் சிரிக்கிறார். நன்றி ஐயா.

நாளடைவில் அந்த வழக்கம் அறையைத் தாண்டி அவருடைய பேச்சிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கே எதைக் கேட்டாலும் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்வார். அறியாதவர்கள் அதைத் திமிர் என்றார்கள். எட்டு மாதங்களுக்கு முன்பு, இதே கூடத்தில், அதைக் குற்ற உணர்ச்சி என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நாற்பத்தாறு கேன் பால் ஒரே தொட்டிக்குள் இறங்கியது. காய்ச்சி, ஆற்றி, காலை ஒன்பதரை மணிக்கு உறையக்கா உறை ஊற்றினார். இரண்டு மணிக்குக் கெட்டியாகியிருக்க வேண்டும். இரண்டு மணிக்குக் கொதிகலன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, பால் அப்படியே இருக்கு."

"மூடி வைங்க. ஒரு மணி நேரம் பாப்போம்."

மூன்று மணிக்கும் பால். நான்கு மணிக்கும் பால். ஓரமாக ஒரு மெல்லிய ஆடையைத் தவிர ஒன்றும் இல்லை. தலைவர் வந்தார். அன்று அந்தத் தயிர் மருத்துவமனை வார்டுகளுக்குப் போக வேண்டியது. வண்டி வாசலில் நிற்கிறது. "குளிர வெச்சு மோரா அனுப்பிடலாமே?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அத்தனை பாலும் வீணாகிறதே என்ற பதைப்பு.

உறையக்கா கொஞ்சம் தாமதித்துவிட்டுச் சொன்னார். "சார், இது புளிக்கல. ஆறு மணி நேரமா வெதுவெதுன்னு காவல் இல்லாம நிக்குது. இதுல இப்ப யார் குடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. படுத்துக் கெடக்கிறவங்களுக்கு இதக் குடுக்க முடியாது." சொல்லிவிட்டு, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், குனிந்து தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். பால் முழுவதும் சாக்கடையில் போனது. பாருங்கள், எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? தன் வேலை போகும் என்று தெரிந்தும் குழாயைத் திருப்பிய அந்தக் கை எப்படிப்பட்ட கை!

பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "என் உறை சாகல சார். பால்ல மருந்து இருக்கு."

இதற்கு விளக்கம் தேவை. மாட்டுக்கு மடிநோய் வந்தால் மருத்துவர் காம்புக்குள் ஒரு மருந்து ஏற்றுவார். கிருமியைக் கொல்லும் மருந்து. அந்த மருந்து ஐந்து நாள் வரை பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். காய்ச்சினாலும் போகாது. அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. உறையில் இருக்கும் நம்ம ஆட்களையும் சேர்த்து முடக்கிவிடும். அதனால் அந்த ஐந்து நாள் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கொட்டினோமா இல்லையா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. அவரவர் மனசாட்சிதான்.

அதற்கு முன்பே, இரண்டு ஆண்டுகளாக, உறையக்கா நிர்வாகக் குழுவிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சோதனைக் குழாய் பால். அதில் கொஞ்சம் உறை, ஒரு சொட்டு ஊதாச் சாயம். வெதுவெதுப்பில் மூன்று மணி நேரம். உறை வேலை செய்தால் அமிலம் வந்து ஊதா மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் அந்தக் கேனில் மருந்து இருக்கிறது. இவ்வளவுதான். நாங்கள் என்ன சொன்னோம்? "பால் மூணு மணி நேரம் காத்துக்கிட்டு இருக்குமாம்மா?" என்றோம். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை விசாரணை. இதே கூடம், இதே நீள மேசை. உறையக்கா ஒரு சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. "அன்னைக்கு ஊத்துன அதே குப்பி உறைதான் சார். பக்கத்து வீட்டு மாட்டுப் பால்ல, நேத்து ஊத்தினேன். தொறந்து பாருங்க."

தட்டை எடுத்தோம். தயிர். கத்தி வைத்தால் வெட்டுப்படும் தயிர். கிண்ணத்தைச் சாய்த்தால் ஆடாத தயிர்.

குழுவில் ஒருவர், "வீட்ல உறையுது, இங்க உறையலன்னா, இங்க நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். உறையக்கா வழக்கம்போல் தாமதித்தார். அந்தத் தாமதத்துக்குள் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சயின்ஸ் வாத்தியார். நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். "ஒரு கிண்ணம் ஆதாரமாகாது."

கிண்ணத்தை யாரும் தொட்டுச் சுவைக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அது மேசைமேலேயே இருந்தது. கொதிகலன் அண்ணன்தான் எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நல்ல கையெழுத்து என்றும் சொன்னார்கள். அந்த அறிக்கையின் கடைசி வரி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஏனென்றால், இனி யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்காக அதை அந்த நீலக் கதவிலேயே ஒட்டினோம். இப்போதும் இருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. "கல்ச்சர் அறைப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் உறை உயிரிழந்ததே தயிர் உறையாமைக்குக் காரணம்." உறையக்காவைக் கேன் கழுவும் பகுதிக்கு மாற்றினோம். அந்தக் கதவைத் தாண்டித்தான் அவர் நாள்தோறும் கேன் கழுவப் போனார்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதை என் மனைவி எட்டு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

என் கேனின் எண் முப்பத்தொன்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு காலை, எங்கள் மாட்டுக்கு மடி வீங்கியிருந்தது. மருத்துவர் வந்து மருந்து ஏற்றினார். "அஞ்சு நாள் பால் கொட்டிடுங்க" என்றார். ஞாயிறு மாலைப் பாலைக் கொட்டினேன். திங்கள் காலை, என் மனைவி வாளியைக் கையில் கொடுத்துவிட்டு, "இதையும் கொட்டிடுங்க, மறந்துடாதீங்க" என்றாள்.

மறக்கவில்லை. நுரை ததும்பும் அந்த வாளியைச் சாக்கடை ஓரம் வரை தூக்கிக்கொண்டு போனேன். கை வரவில்லை. முந்தின நாள் கொட்டியதே நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் ஆண்டுதோறும் நான் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டு மையை ஒரு வாளித் தண்ணீரில் விடுவேன். கலக்குவேன். "எங்கே போச்சு மை?" என்று கேட்பேன். பிள்ளைகள், "காணோம் சார்!" என்பார்கள். நாற்பத்தாறு கேனில் ஒரு கேன். அதிலும் இரண்டு மாட்டில் ஒரு மாடு. காணாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பாலையும் மற்ற மாட்டுப் பாலோடு சேர்த்துக் கேனில் ஊற்றினேன்.

மை காணாமல் போனது நம் கண்ணுக்குத்தான். நுண்ணுயிர் கண்ணால் பார்ப்பதில்லையே! அதற்கு அந்த ஒரு சொட்டே போதும். முப்பத்து நான்கு ஆண்டு அந்த எடுத்துக்காட்டைக் காட்டியவனுக்கு இது தோன்றவில்லை.

புதன்கிழமை அந்தத் தட்டை எடுத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டது. கிண்ணத்தில் தயிர் ஆடாமல் இருந்தது. நான் மேசைக்குக் கீழே விரல்விட்டு நாளை எண்ணினேன், ஞாயிறு மருந்து, திங்கள் பால். மேசைக்கு மேலே, "ஒரு கிண்ணம் ஆதாரமாகாது" என்றேன்.

இதோ என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. அந்த அறிக்கையின் முதல் வரைவு. கிழித்துப்போட வேண்டும் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். படிக்கிறேன். "உறை வேலை செய்யாமல் போக நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, சூடு கூடுதல் அல்லது குறைதல். இரண்டு, தூய்மையின்மை. மூன்று, நுண்ணுயிரையே தாக்கும் வைரஸ். நான்கு, பாலில் மருந்து கலந்திருத்தல்." நான்காவதன்மேல் ஒரு கோடு இருக்கிறது. மேடையில் இருப்பவர்கள் பார்க்கலாம். அளவுகோல் வைத்து நேராகப் போட்ட கோடு. கதவில் ஒட்டியிருப்பது மூன்று காரணங்கள் உள்ள அறிக்கை.

வேண்டாம் தம்பி, உட்காருங்கள். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. முடித்துவிடுகிறேன், பிறகு கேளுங்கள்.

இதுகூட நான் செய்ததில் பெரியது என்று நான் நினைக்கவில்லை. பெரியது வேறொன்று. நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் காலை, கேன் கழுவும் இடத்தில் என் கேனை எடுக்கப் போனேன். உறையக்கா ரப்பர் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். முப்பத்தொன்றை அவர்தான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்கம்மா."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு சார். அன்னைக்குக் காலைல வெரல்ல ஒரு கீறல் இருந்துச்சு. கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் குப்பியத் தொட்டேன். அதுலதான் ஏதாவது ஆயிருக்குமோ? நீங்க படிச்சவங்க. உள்ளதச் சொல்லுங்க. நான்தானா?"

தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளை எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டார். சுற்றி யாரும் இல்லை. "இல்லம்மா, நீங்க இல்ல" என்ற மூன்று சொல் போதும். அதற்குமேல் ஒன்றும் சொல்லாவிட்டாலும் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மிகவும் அன்பாகச் சொன்னேன். "அதப் பெருசா எடுத்துக்காதீங்கம்மா. யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

"சரிங்க சார்" என்று தலையாட்டினார். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளியில் பிரம்பெடுத்து அடித்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் ஒரு மனிதரைத் தன் கைகளையே நம்பாமல் ஆக்குவதற்குப் பிரம்பு தேவையில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஆறுதலாக ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் இருந்த மருந்து எத்தனை நாள் அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்ததோ!

பதினொரு நாட்களுக்கு முன்பு, பண்ணைக்கு வரும் வழியில், எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிய இடத்திலேயே அவருடைய இதயம் நின்றது. பையில் சாப்பாட்டு டப்பாவும் ரப்பர் கையுறையும் இருந்தன. என்னால்தான் இறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது என்னைப் பெரிய ஆளாக்கிவிடும். அவர் ஏன் இறந்தார் என்று எனக்குத் தெரியாது. கடைசி எட்டு மாதம் எப்படி வாழ்ந்தார் என்பது தெரியும்.

சென்ற வாரம் தலைவரும் நானும் அவருடைய வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். அங்கே ஒன்று தெரியவந்தது. நாம் வெளியிலிருந்து பொட்டலத்தில் உறை வாங்கிக்கொண்டிருந்த இந்த எட்டு மாதமும், உறையக்கா தன்னுடைய பழைய உறையை வீட்டுச் சமையலறையில் நாள் தவறாமல் குப்பி மாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறார். தன் கையையே நம்பாத நாட்களிலும் விடவில்லை! இப்போது மகள் அதைச் செய்கிறார். பொட்டல உறையில் தயிர் வழவழவென்று நூல் இழுக்கிறது, வாங்குபவர்கள் குறை சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தலைவர் தயங்கித் தயங்கி அந்தக் குப்பியைக் கேட்டார். மகள், "அந்தத் தாள் ஒட்டியிருக்கிற கதவுக்குள்ள எங்கம்மா உறை வராதுங்க" என்றார். தலைவர், "அது குழு எடுத்த முடிவும்மா. மாத்தணும்னா ஆதாரம் வேணும்" என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "சொல்லிட்டீங்களா?" விசாரணை நடந்த அன்றே அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன், எட்டு மாதமாக இந்த ஒரு கேள்விதான். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். "எனக்கு இனிமே அந்தப் பொண்ணு முகத்துல முழிக்க முடியாதுங்க. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

நேற்றுக் காலை போனேன். மகள் சமையலறையில் இருந்தார். வாசலில் நின்றபடியே, முன்னுரை எதுவும் இல்லாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குப்பி திறந்திருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. கை மட்டும் கொஞ்சமும் நடுங்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகினார். விளக்கை அணைத்தார். அப்புறம்தான் திரும்பினார்.

"அம்மா கடைசி வரைக்கும் கையப் பாத்துக்கிட்டே இருப்பாங்க சார். டிவி பாக்கும்போதுகூட. திருப்பித் திருப்பி. நாங்க கைவலின்னு நெனச்சோம்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. குடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல. நாளைக்குக் கூட்டத்துல புகழ்ந்து பேசப் போறீங்களாம். புகழ வேண்டாம் சார். நல்லாப் பேசுவீங்க, எல்லாரும் அழுவாங்க, கதவுல அது அப்படியே இருக்கும். அந்தக் கிண்ணத்தப் பத்தி மட்டும் பேசுங்க."

பேசிவிட்டேனம்மா. எட்டு மாதம் தாமதமாக.

தலைவர் அவர்களே, ஆதாரம் கேட்டீர்கள். நான்தான் ஆதாரம். கோடு போட்ட இந்த வரைவும், எங்கள் மாட்டுக்கு மருந்து ஏற்றிய மருத்துவரின் சீட்டும் இதோ உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கின்றன. அன்று கிண்ணம் இருந்த அதே இடத்தில் வைக்கிறேன். தயவுசெய்து இதையாவது தொட்டுப் பாருங்கள். குழுவிலிருந்து விலகும் கடிதமும் அதோடு இருக்கிறது.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இப்படிப்பட்ட கூட்டங்களின் வழக்கம். நான் உங்கள் சார்பில் எதையும் உறுதி சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. என் சார்பில் ஒன்று சொல்கிறேன். நாளைக் காலையிலிருந்து பால் இறக்கும் இடத்தில் ஒரு சோதனைக் குழாய் அடுக்கோடு நிற்பேன். அவர் இரண்டு ஆண்டு கேட்டும் நாம் கொடுக்காத அந்தச் சோதனையை நான் செய்வேன். முதல் குழாய் முப்பத்தொன்றாம் எண் கேனுக்கு. ஊதா மஞ்சளாகும் வரை மூன்று மணி நேரம் என் பால் காத்திருக்கட்டும். யாரும் சம்பளம் தர வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். என்னை நிற்க விடலாமா கூடாதா என்பதைத் தொழிலாளத் தோழர்கள் முடிவு செய்யட்டும். போ என்றால் போய்விடுவேன். சோதனையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மகள் அந்தக் குப்பியைத் தருவாரா? எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இன்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. உறையக்காவின் மௌனம் என்ன மௌனம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஓர் உயிர் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்ட மௌனம். நான் இருந்த மௌனத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேசக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் இப்போது மேடையிலிருந்து இறங்கி அந்த நீலக் கதவுக்குப் போகிறேன். அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அதைக் கிழிக்க நான் யாரையும் கேட்கப் போவதில்லை. இங்கிருந்து அந்தக் கதவுக்கு நாற்பது வினாடி ஆகும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். யாரும் பேச வேண்டாம். குப்பி திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.